ஏரிக்கரையில் ஒரு கை சீனி

இரண்டு வருடங்களுக்கு முன், பிள்ளைகளின் கோடை விடுமுறையில் நாங்கள் லடாக் போயிருந்தோம். நான், கணவர், மகள், மகன், என் மாமனார் என்று ஐந்து பேர். மதுரை வில்லாபுரத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த எல்லோருக்கும் பனிமலை பார்க்க ஆசை. எனக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு வாரமாவது அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

எங்கே நடந்தது? மாமனாருக்குச் சப்பாத்தி தொண்டையில் இறங்காது. குக்கர் சோறும் ஆகாது, பானையில் வடித்த சோறுதான் வேண்டும். அதனால் பொன்னி அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், பானை எல்லாம் எங்களோடு விமானம் ஏறின. நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டியின் டிரைவரோ, இருக்கட்டுமே என்று ஒரு சின்ன கேஸ் அடுப்பையும் ஏற்றிக்கொண்டார். புண்ணியவான், மறந்து தொலைத்திருக்கலாம்.

முதல் இரண்டு நாளும் தங்கிய வீட்டு அடுப்பில் உப்புமா, சேமியா என்று ஓட்டினேன். வண்டி மலை ஏறும்போது பிள்ளைகள், "அம்மா, இங்க பாரு, அங்க பாரு" என்று கத்துவார்கள். நான் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பேன். அவ்வளவு அலுப்பு. "டூருக்கு வந்தும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா பாரு" என்றார் கணவர். 

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெரிய ஏரிக்கரைக்கு வந்தோம். அங்கே கூடாரத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு பெண், காற்றுக்கு மறைவாக எங்கள் அடுப்பை வைத்துக்கொள்ள இடம் காட்டினாள். கணவரும் பிள்ளைகளும் தண்ணீர்ப் பக்கம் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். டிரைவர் வண்டிக்குள் தூங்கினார். நான் உலை வைத்தேன். "தாயி, இன்னைக்காச்சும் சோறு உண்டுல்ல?" என்றபடி மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்சுலின் ஊசி போட வேண்டும்; போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். அரிசி கொதித்ததும் நான் குரல் கொடுப்பேன், அவர் ஊசி போட்டுக்கொள்வார், கால் மணி நேரத்தில் சோறு வடிந்துவிடும். எத்தனையோ வருடமாக இதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அன்றைக்கு உலை என்னவோ சீக்கிரமாகவே தளதளவென்று கொதித்தது. அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்ததும், "மாமா, ஊசியப் போட்டுக்கங்க" என்றேன்.

சோறு வேகவில்லை. கொதிக்கிறது, கொதிக்கிறது, எடுத்து நசுக்கினால் நடுவில் கல் மாதிரி அரிசி. கேஸைக் கூட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், மூடி மேல் கல்லைத் தூக்கி வைத்தேன். என் கவனமெல்லாம் பானையில். நிமிர்ந்து பார்த்தால், அந்தக் குளிரில் மாமனாருக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. கை வெடவெடவென்று நடுங்குகிறது.

"தாயி, கண்ணக் கட்டுது" என்றார். நாக்கு குழறியது.

ஊசி போடச் சொன்னதே நான்தானே! பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய். சர்க்கரை வியாதிக்காரர் வருகிறார் என்று இனிப்பாக ஒரு மிட்டாய்கூட எடுத்து வரவில்லை. எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. கூடாரத்தைப் பார்த்து, "சீனி! ஐயோ, கொஞ்சம் சீனி குடுங்களேன்! சீனி!" என்று அலறினேன்.

அந்தப் பெண் டப்பாவோடு ஓடி வந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று சீனி. எப்படிப் புரிந்தது என்று யோசிக்க நேரமில்லை. ஒரு கை அள்ளி வெதுவெதுப்பான டீயில் கரைத்து அவளே நீட்டினாள். மாமனாரைத் தாங்கிப் பிடித்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கி, அவர் என்னை அடையாளம் கண்டு பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதற்குள் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். டிரைவர் சொன்னதைக் கணவர்தான் எனக்குப் புரியவைத்தார், இந்தியிலும் சீனிக்குச் சீனிதானாம். மதுரைக்காரியாக இல்லாமல் சர்க்கரை, சர்க்கரை என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! என் மகள் பானையை எட்டிப் பார்த்து, "உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும்மா. ஆனா சூடு பத்தாது, சோறு வேகாது. பாடத்துலயே இருக்கு" என்றாள்.

"இத முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானடி?"

"நீ கேக்கவே இல்லையே."

அந்தப் பெண் எல்லோருக்கும் சுடச்சுட நூடுல்ஸ் கொண்டு வந்தாள். பழக்கதோஷம், பரிமாற நான் எழுந்தேன். அவள் என் தோளில் கை வைத்து அழுத்தினாள். "பைட்டோ, பைட்டோ" என்றாள். உட்கார் என்கிறாள் என்று எனக்கே புரிந்தது. முதல் தட்டை என் கையில் கொடுத்தாள். அதை வாங்கியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் அழுகிறேன் என்று கணவர் நினைத்தார். பயம் எப்போதோ போய்விட்டது. யாரோ ஒருத்தி என்னை உட்கார வைத்துப் போட்ட சாப்பாட்டுக்குத்தான் அழுதேன்.

மாமனாருக்குப் புரிந்திருக்க வேண்டும். "இம்புட்டுத் தூரம் வந்தும் சோறு சோறுன்னு ஒன் உசுர வாங்கிட்டேன் தாயி" என்றவர், மறுபேச்சில்லாமல் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிட்டார்.

ஏரியின் நீலம் போனில் படமாக இருக்கிறது. நான் அதை அதிகம் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்து, இடுப்பொடிய அடுப்படியில் நிற்கிற நாட்களில், பாஷை தெரியாத அந்தக் கை இன்னமும் என் தோளை அழுத்துகிறது. மிச்ச வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிடுகிறேன்.