குவார்ட்டர்ஸ் வாசலில் கழட்டிய சிலிண்டர் ஹெட்

வீடு தேடிப் போய் கார் பார்க்கிற மெக்கானிக்குக்கு இன்ஜின் ஒரு தொல்லையே இல்லை. பக்கத்துல நிக்கிற ஆளுங்கதான் தொல்லை. ஸ்பானர் பிடிச்சுப் பிழைக்கிற பாவப்பட்ட ஜென்மங்களே, போன மாசம் நெய்வேலி டவுன்ஷிப்புல நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

சிவப்பு அட்டை

கணேசன் சார் பவர் ஹவுஸ்ல ஃபோர்மேன். மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அவர் சம்சாரம் மீனாட்சியம்மாவுக்கு ஒரே ஆசைதான். சாமான் லாரியில போகட்டும், நாம சொந்தக் கார்லயே தென்காசியில போய் இறங்கணும். காரோ, இன்ஜினுக்கும் அதோட மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கட் போய், ஆயிலும் தண்ணியும் கலந்து பால் டீ மாதிரி ஆகிக் கிடக்கு. சரி, ஹெட்டைக் கழட்டிடலாம்னு உட்கார்ந்தேன்.

பேட்டரியைக் கழட்டி ஓரமா வச்சேன், ரேடியேட்டர் தண்ணியை வடிச்சேன். சார் பவர் ஹவுஸ்ல மெஷினுக்கு மாட்டுற சிவப்பு அட்டை ஒண்ணைக் கொண்டாந்து ஸ்டியரிங்ல கட்டினார். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதீர்.' பேட்டரியே இல்லாத காரை எந்த மகராசன் வந்து இயக்கப் போறான்? கேட்டும் பார்த்தேன்.

"டர்பைனா இருந்தா என்ன, காரா இருந்தா என்னப்பா? சேஃப்டி சேஃப்டிதான்."

ரிலீவர்

ஹெட் போல்ட்டை அவசரப்பட்டுக் கழட்டக் கூடாது. ஓரத்துல இருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தணும். இல்லன்னா ஹெட்டு கோணிக்கும். அப்படிப் பத்தையும் பக்குவமாத் தளர்த்திட்டு டீ குடிக்கப் போனேன். சாருக்கு செகண்ட் ஷிஃப்ட். காரை அனாதையா விட்டுட்டுப் போவாரா? எதிர் வீட்டு மைன்ஸ் ஃபிட்டர் ஏழுமலைகிட்ட முறைப்படி சார்ஜ் ஒப்படைச்சிட்டுத்தான் கிளம்பியிருக்கார்.

வந்து பார்க்கிறேன், பத்து போல்ட்டும் உடும்புப் பிடியா இறுகிக் கிடக்கு. ஏழுமலை வேர்வையைத் துடைச்சுக்கினு நிக்கிறார்.

"எல்லாம் லூஸா ஆடிக்கினு இருந்திச்சுப்பா. என் ஷிஃப்ட்ல அப்படி வுட மாட்டேன்."

இட்லித் தட்டு

மறுபடி தளர்த்தி, மரச் சுத்தியால தட்டி, ஒருவழியா ஹெட்டைத் தூக்கினேன். போல்ட்டை வரிசை மாறாம வைக்க ஒரு தட்டு கேட்டேன். மத்ததெல்லாம் மூட்டை கட்டியாச்சுன்னு மீனாட்சியம்மா இட்லித் தட்டை நீட்டினாங்க. அதுல வச்சேன், என்ன பண்றது.

ஸ்கேலை வச்சுப் பார்த்தா ஹெட்டு கோணல். விருத்தாசலத்துல லேத் பட்டறைக்குக் கொண்டு போய் முகத்தைச் சீவி மட்டமாக்கணும். அங்கே எப்பவும் கூட்டம், வீட்டைக் காலி பண்ண மூணே நாள். அம்மா கட்டி வச்ச மூட்டைங்களையே திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஏழுமலை மட்டும் தெம்பா இருந்தார்.

"நான் இறுக்கினது நல்லதாப் போச்சு பாரு. இல்லன்னா இந்தக் கோணல் தெரிஞ்சிருக்குமா?"

தென்காசிப் பயணம்

லேத்துக்காரர் கையைக் காலைப் பிடிச்சு வேலையை முடிச்சேன். ஏழுமலையை ஏதோ சாமான் வாங்கி வரச் சொல்லி அனுப்பிட்டு, புது கேஸ்கட் வச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு நானே இறுக்கினேன். காலி பண்ற அன்னிக்குக் காலையில சாமான் லாரி போயிடுச்சு. காலி வீட்டு வாசல்ல தெருவே கூடி நிக்க, சார் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிச்சு, அடங்கிச்சு, மறுபடி இருமிப் பிடிச்சுக்கிச்சு. எனக்கு அப்பதான் உசுரே வந்துச்சு. முன் சீட்டுல மீனாட்சியம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே கார்க் கண்ணாடியை இறக்கினாங்க.

"சத்தம் வந்தா போன் பண்றேன் தம்பி. வரலன்னாலும் பண்றேன்."

ஆக மொத்தம், இந்தத் தொழில்ல நம்ம பேச்சைக் கேட்கிறது இன்ஜின் ஒண்ணுதான், அதுவும் கெஞ்சினாத்தான்.