மோதி பாக் முதல் ஹௌஸ் காஸ் வரை: வைரஸின் மடிப்பை நீவிவிட்ட கதை

28 பிப்ரவரி 2025, வெள்ளிக்கிழமை, தேசிய அறிவியல் நாள். (வியாழக்கிழமை என்று என் தம்பி சொல்லித் திரிவது தவறு.) ஹௌஸ் காஸ் பக்கத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் வைரஸ் ஆராய்ச்சி செய்யும் என் மகள் மீனாட்சி, அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகத் தமிழில் பேசவிருந்தாள். பல நாள் உட்கார்ந்து செய்த மாதிரியை மட்டும் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

"பதினொரு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்கப்பா. அது இல்லேன்னா எனக்குப் பேச்சே இல்லை" என்று போனில் கெஞ்சினாள்.

எங்கள் வீடு இருக்கும் மோதி பாக்கிலிருந்து மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் மூன்றாம் நிறுத்தம் ஐ.என்.ஏ.; அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறினால் மூன்றாவது ஹௌஸ் காஸ். அன்று கட்டணம் முப்பது ரூபாய். அவ்வாண்டு ஆகஸ்டில் அது உயர்ந்துவிட்டது; பழைய பதிவுகளை நம்ப வேண்டாம்.

ரயிலில் இடம் கிடைத்தது. பையைத் திறந்து பார்த்தேன். பாசிமணி கோத்த நீண்ட கயிறு, தன்மேலேயே மடிந்து, வளைந்து, அங்கங்கே பட்டன் மாட்டிச் சிக்கிக் கிடந்தது. அருகே ஒரு காலி சோப்பு டப்பா. ஆயுள் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு நாடா கட்டிய கை சும்மா இருக்குமா? எல்லாப் பட்டன்களையும் கழற்றி, நீவி, அழகாகச் சுருட்டி வைத்தேன்.

ஹௌஸ் காஸ் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ. "மீட்டர் கராப் ஹை, அங்கிள்ஜி" என்றார் ஓட்டுநர். "எந்தத் தேதியிலிருந்து பழுது?" என்று இந்தியில் கேட்டேன். சிரித்துவிட்டு நூறிலிருந்து எழுபதுக்கு இறங்கினார்.

பையைத் திறந்த மீனாட்சிக்கு முகம் வெளுத்தது. "அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"சிக்கெடுத்தேம்மா. ஒரு மணிகூட இடம் மாறலை."

"மணி மாறலப்பா. மடிப்புதானே போச்சு! அதுதான் பேச்சே!"

அதற்குள் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு கயிற்றை நேராகவே தூக்கிப் பிடித்தாள்.

"இது ஒரு வைரஸோட ஆர்.என்.ஏ. இந்த சோப்பு டப்பா, நம்ம செல்லுல புரதம் செய்யற ரைபோசோம். யாராவது இதைக் கயித்துல மாட்டுங்க."

ஒரு சிறுமி மாட்டிப் பார்த்தாள். டப்பா வழுக்கி விழுந்தது. "ஆன்ட்டி, நிக்கவே மாட்டேங்குது!"

மீனாட்சி முனையில் மட்டும் நான்கு பட்டன்களை மாட்டி ஒரு மடிப்பை உண்டாக்கினாள். இம்முறை டப்பா கச்சிதமாகக் கவ்விக்கொண்டது. "இந்த மடிப்பாலதான் வைரஸ் ரைபோசோமைப் பிடிக்குது, தன் புரதத்தைச் செய்ய வைக்குது. மடிப்பைக் குலைக்கிற மருந்தைத்தான் நாங்க தேடறோம். இன்னிக்கு மெட்ரோவுல எங்கப்பா குலைச்சுட்டார்."

"அச்சா! அப்போ தாத்தாதான் அந்த மருந்தா?" என்றாள் அந்தச் சிறுமி.

"ஆமா. ஆனா மோசமான மருந்து. வைரஸோட மடிப்பை மட்டும் அவிழ்க்கணும். இவர் மாதிரி கண்ணுல பட்டதையெல்லாம் அவிழ்த்தா, நோயாளியும் போய்ச் சேர்ந்துடுவார்!"

அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

பொதுமக்களை உள்ளே விடும் இத்தகைய நாள்களில் ஆய்வு நிறுவனங்களுக்குச் செல்வோர் அடையாள அட்டை எடுத்துச் செல்லவும். திரும்பும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கலாம், நான் வாங்கினேன்.

பையை என்னிடமே கொடுத்தனுப்பினாள். அதன் வாயில் வரிசையாக ஸ்டேப்பிள் ஊசிகள். ஒன்று சற்றுக் கோணலாக இருந்தது. மோதி பாக் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன், கை வைக்கவில்லை.