நோன்பு நாளில் மாம்பழ ஐஸ்

ஒரு விஷயத்தில் மட்டும் ரஹமத்துன்னிசா யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். நோன்பு வைத்த நாளில் அடுப்பில் எது கொதித்தாலும் உப்புப் பார்க்க மாட்டாள். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் தப்பில்லை என்று தெருப் பெண்கள் சொல்வார்கள். "தொட்ட நாக்கு அதோட நிக்குமா?" என்பாள். அதனால் அந்த மாதம் முழுக்க அவள் வீட்டுக் குழம்பு ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்பென்று இருக்கும். அவள் கணவர் ஜியாவுல்லா எப்படி இருந்தாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

ஐம்பத்தாறாம் வருஷம் நோன்பு சித்திரையில் வந்தது. திருவண்ணாமலையில் சித்திரை என்றால் மேலே சூரியனும் பக்கத்தில் மலையும் சேர்ந்துகொண்டு ஊரை வறுத்தெடுக்கும். ஜியாவுல்லா தகர வேலைக்காரர். முந்தின வருஷம் கூரையில் தகடு அடிக்கும்போது கீழே விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, கைநடுக்கம் மட்டும் போகவில்லை. நடுங்கும் கைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மூன்று வயிறு இருந்த வீடு. குச்சி ஐஸ் போடலாம் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டவள் ரஹமத்துன்னிசாதான்.

மகள் அஸ்மத் நாலாவது படித்த பெண்கள் பள்ளிக்கு மங்களாம்பிகை டீச்சர் தலைமையாசிரியை. சாய ஐஸ் தின்று பிள்ளைகள் வாந்தி எடுத்ததிலிருந்து ஐஸ் வண்டிகளைத் தெருமுனையிலேயே விரட்டிக்கொண்டிருந்தவர். ரஹமத்துன்னிசா அவரிடமே நேராகப் போய் நின்றாள்.

"காய்ச்சின தண்ணி, பழம், சக்கரை. வேற ஒண்ணுமே கிடையாதுங்க."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "லீவு விடற கடைசி நாள் நாலாங் கிளாஸ் பிள்ளைங்க நாற்பது பேருக்கு எடுத்துனு வாங்க பாயம்மா. நல்லா இருந்தா ஜூன்லேர்ந்து கேட்டுக்கு உள்ளயே உக்காந்து வில்லுங்க. எவளாவது ஒருத்தி மூஞ்சியைச் சுளிச்சாலும் இந்தப் பேச்சே வேணாம்."

ஜியாவுல்லா இரண்டு வாரம் உட்கார்ந்து நாற்பத்துநாலு தகரக் குழல்கள் பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. குழல்கள் ஒழுகுகின்றனவா என்று அவர் எதிரில் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் செய்த தப்பு அதுதான்.

அந்தக் கடைசி நாள்தான் பத்து வயது அஸ்மத்துக்கு முதல் நோன்பு. "உனக்கு இன்னும் கடமை இல்லடி" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பிடிவாதத்தில் மகள் அம்மாவை மிஞ்சியவள். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுப் பாவாடை தைத்து வைத்திருந்தது. முதல் நோன்புப் பிள்ளை கழுத்தில் போடும் பூமாலைக்கும் சொல்லியாயிற்று.

அஸ்மத் பள்ளிக்கூடம் போனதும் ரஹமத்துன்னிசா அரைப் பீப்பாயில் ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டுக் கல்லுப்பைத் தூவினாள். மாம்பழச் சாறு நிரப்பிய குழல்களை அதில் நட்டு, பாதி இறுகியதும் மூங்கில் குச்சி செருகி, சாக்குப் போட்டு மூடினாள். பதினோரு மணிக்குத் திறந்தாள். குழலைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி இழுத்தால் மஞ்சளாக ஐஸ் வந்தது. ஒன்பதாவது குழலில் குச்சி மட்டும் வந்தது.

உள்ளே கூழாக இருந்தது. உப்புத் தண்ணீர் கலந்த சாறு உறையாது. பற்றவைத்த இடத்தில் எங்கேயோ ஊசித்துளை இருந்திருக்கிறது.

"என்னாச்சு?" என்றார் ஜியாவுல்லா. அவள் சாக்கை இழுத்து மூடினாள்.

அப்படி நாலு குழல்கள். சரியாக நாற்பது மிஞ்சியது. ஆனால் துளை இன்னும் சிறியதாக இருந்து, துளியூண்டு உப்பு மட்டும் போயிருந்தால்? ஐஸ் உறைந்துதான் இருக்கும், வாயில் வைத்தால்தான் தெரியும். அவள் நாக்குக்கு வழியில்லை. வேறு யாரையாவது நக்கிப் பார்க்கச் சொன்னால், எச்சிலை ஊரார் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? நாற்பதையும் ஐஸ் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, கம்பளி சுற்றி, ஜட்காவில் ஏறினாள்.

வகுப்பில் நாற்பது ஜோடிக் கண்கள் டப்பாவின் மேல் இருந்தன. டீச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

"முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்க. செஞ்சவங்க வாயில வைக்காததை நான் பிள்ளைங்களுக்குக் குடுக்கமாட்டேன்."

"நோன்புங்க."

"அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இன்னிக்கி கடைசி நாள் ஆச்சேங்க."

நீட்டிய கையை டீச்சர் மடக்கவில்லை. ரஹமத்துன்னிசாவின் கை டப்பா மூடியிலேயே இருந்தது. நோன்பை முறித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நினைத்தாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது.

இரண்டாம் வரிசையிலிருந்து அஸ்மத் எழுந்து வந்தாள். "நான் சாப்பிடறேன் டீச்சர்."

"வேணாம்டி. நீயும் நோன்பு."

"எனக்கு இன்னும் கடமை இல்லன்னு நீதானே சொன்னே."

கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள். டீச்சரும் அம்மாவும் அந்த முகத்தையே பார்த்தார்கள். அதில் ஒன்றும் அசையவில்லை. நிதானமாக, குச்சி தெரியும்வரை தின்று, குச்சியையும் நக்கினாள்.

"நல்லா இருக்குது டீச்சர்."

அதற்கப்புறம் வகுப்பு வகுப்பாக இல்லை. முப்பத்தொன்பது பேர் தின்றார்கள், ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. "ஜூன்ல வாங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்மத் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். மறு சொம்பும் குடித்தாள். பாவாடை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்து ரஹமத்துன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அஸ்மத் அப்பா காதில் விழாமல் சொன்னாள்.

"என்னோடது ஒரே கரிப்பும்மா. பாதியில வெச்சா டீச்சர் வாங்கிப் பாப்பாங்க. அதான் முழுசா தின்னுட்டேன்."

மறுநாள் ஜியாவுல்லா தொழுகைக்குப் போன நேரம், ரஹமத்துன்னிசா நாற்பத்துநாலு குழல்களையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமுக்கினாள். ஐந்து குழல்களில் குமிழி வந்தது. ஐந்தையும் கிணற்றில் போட்டாள்.

திரும்பி வந்தவர் குழல்களை எண்ணினார். "அஞ்சு கம்மியா இருக்குதே."

"உங்க குழல் அழகா இருக்குதுன்னு பிள்ளைங்க கேட்டாங்க. குடுத்துட்டேன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே தகரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு புதிதாக ஐந்து செய்ய உட்கார்ந்தார். பத்து வருஷம் அந்தக் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து ஐஸ் விற்ற ரஹமத்துன்னிசா, நோன்பு மாதம் மட்டும் கடை போடாமல், மற்ற நாளெல்லாம் முதல் ஐஸைப் பிள்ளைகள் எதிரில் தானே தின்றுகாட்டினாள். நோன்பும் வருஷத்துக்கு வருஷம் முன்னே நகர்ந்து குளிர்காலத்துக்குப் போய்விட்டது. நோன்பு வாயால் அவள் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை.