தங்கச்சியின் மெசேஜ் வராத வாரம்

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. நேரில் இருந்தால் கைஜாடையில் பேசிக்கொள்வோம். அவள் கல்யாணமாகித் திருமுக்கூடல் பக்கம் போன பிறகு எங்களுக்குள் எல்லாப் பேச்சும் மெசேஜில்தான். நான் சாலவாக்கத்தில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்திலேயே போன் இருக்கும். காலையில் அவள் புருஷன் கம்பெனி பஸ் ஏறிப் போனதும் முதல் மெசேஜ் வரும். "அவர் போனார். இட்லி. நீ?" காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்தவள் அவள். தமிழைக் காதால் கேட்காமல் கண்ணால் மட்டுமே பழகியதால் அவள் எழுதும் வாக்கியங்கள் பாதிப் பாதியாக நிற்கும். ஆனால் அவள் எழுதியதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போனதில்லை.

வீடியோவில் ஜாடை காட்டிப் பேசலாமே என்று பலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறவர்கள் எங்கள் ஊர் சிக்னலில் பேசிப் பார்க்க வேண்டும். அவள் கை பாதி தூக்கியபடி உறைந்து நிற்கும். வா என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியாது. எழுத்து அப்படி ஏமாற்றாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பழைய போன் கீழே விழுந்து திரையில் கோடு கோடாக வந்துவிட்டது. உத்திரமேரூரில் ஒரு கடையில் புதுப் போன் வாங்கினேன். கடைக்காரர் சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டார். போன் என்னென்னவோ கேட்டது; அவர் படித்துக்கூடப் பார்க்காமல் 'பிறகு', 'பிறகு' என்று அழுத்திக்கொண்டே போனார். "அல்லாம் மாத்தியாச்சிக்கா. பழசுல இருந்தது மொத்தமும் இதுல வந்துச்சி. நீங்க எட்த்துகினு போலாம்" என்றார். பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தையல் மெஷின் டிராயரில் வைத்தேன்.

மறுநாள் காலை தங்கச்சியிடமிருந்து மெசேஜ் வரவில்லை. நெல் அறுப்பு நேரம், வேலையாக இருப்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் நானே "சாப்பிட்டியா?" என்று போட்டேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மற்றவர்களின் மெசேஜ் ஒழுங்காக வந்தது. கேஸ் சிலிண்டர் மெசேஜ் வந்தது, பேங்க் மெசேஜ் வந்தது, நான் கேட்காத கடன் தருகிறேன் என்று முன்பின் தெரியாதவன் அனுப்பியதும் வந்தது. அவளுடையது மட்டும் வரவில்லை. அப்படியானால் அவள் அனுப்பவில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? "என்ன கோபம்? பதில் போடு" என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லாமல் போகவே எனக்கும் மனசு வெறுத்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம், "கோபம் தீர்ந்ததும் எழுது" என்று போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செவ்வாய் இரவு சாப்பாட்டு நேரத்தில் அவள் புருஷன் போன் பண்ணினார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். என்றைக்கும் என்னிடம் குரல் உயர்த்தாதவர்.

"இன்னாக்கா நீங்க இப்டி பண்ட்டீங்க? அவ வவுத்து வலியோட காத்தாலே இருந்து பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துகினு இருந்துகிறா. வர முடியலன்னா ஒரு பதில் போடக்கூடாதா?"

"இன்னா பஸ் ஸ்டாண்டு? எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி."

"அவ்ளோ மெசேஜ் போட்டுகிறா. நான் பாத்தேன்க்கா. அவ போன்ல அல்லாம் அப்டியே கீது."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் அனுப்பியதெல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. அவள் அனுப்பியது எதுவும் எனக்கு வரவில்லை. டாக்டரிடம் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்காக டாக்டரிடம் பேசுவது எப்போதும் நான்தான். நான் வராமல் போகவே தனியாகக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே நர்ஸ் கதவருகில் நின்று பெயரைக் கூவியிருக்கிறாள். இவளுக்கு எப்படிக் கேட்கும்? இவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போக, டாக்டர் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வலியோடு பஸ் ஏறியிருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். கடைக்காரர் போனை வாங்கி அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார். தடை செய்த எண்கள் இருக்கும் இடத்தில் பார்த்தார், காலியாக இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்க தங்கச்சி உங்கள பிளாக் பண்ணிட்டாங்களோ இன்னாவோ. ஊட்ல எதுனா சண்டையாக்கா?" என்று கேட்டார்.

"சண்ட இல்ல. உன் கடையில போன் வாங்கினதுல இருந்துதான் இப்டி."

"போன்ல ஒரு கொறயும் இல்லக்கா. கஸ்டமர் கேருக்குப் பேசுங்க" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். விற்கும்போது நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள்தான்.

அங்கிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு, ஒரு ஜாடையும் காட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். முகம் வாடிக் கன்னம் ஒட்டியிருந்தது. என் போனை அவள் மடியில் வைத்து, பார் என்று காட்டினேன். அதில் என் மெசேஜ்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவளுடையது ஒன்றும் இல்லை. அவள் தன் போனை எடுத்து என் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் நான் ஒன்று, அவள் ஒன்று என்று மாறி மாறி இருந்தது. "என்ன கோபம்?" என்று நான் கேட்டதற்குக் கீழே, "கோபம் இல்லை. நான் பதில் போட்டேன். பார்" என்று எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஹிந்தியா, இங்கிலீஷா, தமிழா என்று எண் அழுத்தச் சொல்லி, பாட்டு கேட்க வைத்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"உங்கள் எண்ணில் எந்தப் பிரச்சினையும் காட்டவில்லை மேடம். மெசேஜ் அனுப்பும் எண்ணிலிருந்து அந்த வாடிக்கையாளரே அழைத்தால்தான் புகார் பதிவு செய்ய முடியும்."

"அவளுக்குக் காது கேக்காதும்மா. பேச்சும் வராது. அதனாலதான் மெசேஜே."

"புரிகிறது மேடம். அவரை ஒரு நிமிஷம் லைனில் வந்து பெயரும் பிறந்த தேதியும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

"இன்னா புரிஞ்சிது உனக்கு? பேச முடியாதுன்றேன், பேசச் சொல்லுன்ற."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். வாடிக்கையாளரின் குரல் ஒப்புதல் இல்லாமல் எங்களால் எதுவும் செய்ய இயலாது."

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். எழுதிக் கொடுத்தவர்கள் யார்? பேச முடியாத ஒருத்தியும் தங்களுக்குப் பணம் கட்டுகிறாள் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே. போனை வைத்தேன். தங்கச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று ஜாடையில் கேட்டாள். உன்னைப் பேசச் சொல்கிறார்கள் என்று காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு போனையும் தரையில் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தோம். நான் அனுப்பியதும் அவள் போன் உடனே அதிர்ந்தது. அவள் அனுப்பியது எங்கேயோ போனது. அவள் புருஷனுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, மறுபடி என் பெயருக்கு வந்து, சட்டென்று என் தோளைத் தட்டினாள். எழுதும் கட்டத்தில் மங்கலாக இருந்த எழுத்தைக் காட்டினாள். புருஷன் பெயரில் அது 'டெக்ஸ்ட் மெசேஜ்' என்றிருந்தது. என் பெயரில் 'சாட் மெசேஜ்' என்றிருந்தது. இத்தனை நாளும் அது ஒன்றுதான் வித்தியாசம். என் பெயரில் விரலை அழுத்தி, உள்ளே தேடி, சாதா மெசேஜாக மட்டும் அனுப்பு என்பதைக் கண்டுபிடித்துத் தொட்டாள். "அக்கா" என்று அனுப்பினாள். என் புதுப் போன் முதல் முறையாக அவளுக்காக அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து நெட்டில் தேடிப் படித்ததில் விவரம் தெரிந்தது. பழைய போனில் நெட் வழியாகப் போகும் இந்தச் சாட், நான் கேட்காமலே என் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறது. சிம்மை மாற்றினாலும் அது கொஞ்ச நாள் அந்தப் போனையே பிடித்துக்கொண்டிருக்குமாம். தங்கச்சியின் போனும் அதே வகை என்பதால் அவள் எழுதியதெல்லாம் அங்கேயே போய் நின்றிருக்கிறது. பழைய போனில் அதை அணைத்துவிட்டு சிம்மைக் கழற்றினால் ஒரு தொல்லையும் இல்லை. அதை விற்கிறவன் சொல்லக்கூடாதா? போனோ, கம்பெனியோ சொல்லக்கூடாதா? தினமும் எத்தனை விளம்பரம் அனுப்புகிறார்கள். இந்த ஒரு வரியை அனுப்ப அவர்களால் முடியவில்லை.

டிராயரில் இருந்த பழைய போனைச் சார்ஜில் போட்டு, புதுப் போனிலிருந்து நெட் கொடுத்தேன். கோடு விழுந்த திரையில் அவள் மெசேஜ்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழத் தொடங்கின.

"புது போன் நல்லா?"

"இட்லி இல்லை. வயிறு வலி."

"கோபம் இல்லை. நான் பதில் போட்டேன். பார்"

"அக்கா செவ்வாய் டாக்டர். நீ பஸ் ஸ்டாண்டு வா. காலை."

"நான் இங்கே. பழக்கடை பக்கம்."

"பஸ் வந்தது. நீ இல்லை."

"நான் தனி போறேன். பயம்."

"பேர் கூப்பிட்டா எனக்கு எப்படி தெரியும்?"

அதற்குமேல் படிக்க முடியாமல் போனைக் கீழே வைத்தேன். தைத்துக்கொடுக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது. பிறகு அந்தச் சாட்டைத் தேடி அணைத்தேன்.

அடுத்த நாளே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். முதலில் அந்த நர்ஸிடம் போய், "இவளுக்குக் காது கேக்காது. இவ முறை வந்தா எந்திரிச்சி வந்து தோள்ல தட்டிக் கூப்புடுங்க" என்றேன்.

"அன்னிக்கே கூப்ட்டோம்மா. அவங்கதான் வரல" என்றாள் நர்ஸ்.

"கேக்காதவள எப்டி கூப்ட்டீங்க?"

முறை வந்ததும் நர்ஸ் எழுந்து வந்து தொட்டுக் கூப்பிட்டாள். உள்ளே டாக்டர் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு எப்ப இருந்து வலி?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தங்கச்சி தன் போனில் எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் அதைப் படித்தார். அதன் பிறகு கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி அவளிடமே கேட்டார். ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

சிம் கம்பெனிக்கு நான் எழுதிப் போட்ட புகாருக்கும் பதில் வந்தது. எழுத்தில் இல்லை. தங்கச்சியின் எண்ணுக்குப் போன் வந்திருக்கிறது. சேவை திருப்தியா என்று கேட்டிருப்பார்கள். அவள் அதை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வாள்? வாடிக்கையாளர் அழைப்பை ஏற்காததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. அது மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. நான் மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி முன்போலவே காலையில் எழுதுகிறாள். ஆனால் ஒவ்வொன்றுக்குக் கீழேயும் "வந்ததா?" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறாள். வந்தது என்று நான் போடும்வரை அடுத்ததை எழுதுவதில்லை.