நான்கு சொற்கள்

அண்ணன் எழுதியது நான்கு சொற்கள். "உட்கார்ந்து பார்த்தது போதும். இறங்குங்க." அதை மலாய்க்கு மாற்றியவள் நான். மலாயிலும் நான்கே சொற்கள் வந்தன. விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கோத்தா திங்கியில் ஆறு ஏறிய வாரம் அது. செம்பனைத் தோட்டத்து வீடுகளுக்குள் தண்ணீர், இடுப்பளவு, தேத்தண்ணி நிறத்தில். அண்ணன் போய் நின்றான். ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைக்கு ஜொகூர் நிருபராக இருந்தவன். அனுப்புவதையெல்லாம் அவர்கள் ஓரம் தள்ளத் தொடங்கியதும் சொந்தமாக ஒரு வலைப்பக்கம் வைத்துக்கொண்டான். அதற்காக இரண்டு முறை போலீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் முறை வாங்கி வைத்த கைப்பேசி திரும்பவே இல்லை.

அன்று அதிகாரிகள் படகில் வந்தார்கள். ஆரஞ்சு மிதவைச் சட்டை, கழுத்தில் அட்டை. உட்கார்ந்தபடியே பார்த்தார்கள், உட்கார்ந்தபடியே படம் எடுத்தார்கள், போனார்கள். தன் அடுப்படியில் குழம்புச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்ற ஒரு அம்மா, "ஐயா, எறங்கி வந்து பாருங்கய்யா" என்று கூப்பிட்டது மோட்டார் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. அண்ணனுக்குக் கேட்டது. கட்டுரை முழுக்க அந்தப் படகுதான். கடைசி வரி அந்த நான்கு சொற்கள்.

யாரோ புகார் கொடுத்தார்கள். பண்டார் தெங்காராவில் ஒரு கடைக்கு மேல் எனக்கு ஓர் அறை உண்டு. பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், எப்போதாவது ஓர் உயில், இவைதான் என் மொழிபெயர்ப்புப் பிழைப்பு. போலீஸ் அதிகாரி ஒருவர் படியேறி வந்து கட்டுரையின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்தார்.

"காக், இன்றைக்கே வேண்டும்" என்றார் மலாயில். காக் என்றால் அக்கா. மரியாதையான மனுஷன்தான். நான் யாருடைய தங்கை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அலமாக்! ஒங்கிட்டயேவா வந்துச்சு?" சிரித்தான். "நீயே செய்லா. வேற எவனாச்சும் செஞ்சா கந்தலாக்கிடுவான்."

"பயமா இருக்குண்ணே."

"என்ன பயம்? உள்ளத உள்ளபடி போடு. ஒன் கவித புத்திய மட்டும் உள்ள விட்றாத."

விட்டேன். முதலில் "படகிலிருந்து இறங்குங்கள்" என்றுதான் மலாயில் எழுதினேன். பிறகு பார்த்தால் அவன் வரியில் படகு இல்லை. இல்லாததை நான் ஏன் ஏற்ற வேண்டும்? மேலே முழுக்கப் படகு கிடக்கிறதே, படிக்கிறவருக்குத் தெரியாதா? படகை அடித்துவிட்டேன். "சுக்குப்லா டுடோக் மெலிஹாட். துருன்லா." வாய்விட்டுச் சொன்னேன், தாளம் பிசகவில்லை. என் முத்திரைச் சாப்பாவைக் குத்திக் கையெழுத்தும் போட்டேன்.

துருன் என்றால் இறங்கு. பேருந்திலிருந்து, மாடியிலிருந்து, எங்கிருந்தும். ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கிறவர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். துருன், வீதிக்கு இறங்கு. மலாய்ப் பள்ளியில் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்று எனக்கு அந்தச் சொல் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. வீதியே என் கண்ணில் படவில்லை.

குற்றச்சாட்டுத் தாளில் படகு இல்லை. நான்கு சொற்கள் மட்டும், மேற்கோள் குறிகளுக்குள். மக்களைத் தூண்டினான் என்று கீழே.

"நான் கூண்டுல ஏறிச் சொல்றேங்க. தப்பு என்னோடதுன்னு" என்றேன் அண்ணனுடைய வக்கீலம்மாவிடம்.

"தப்பே இல்லையேம்மா. வேற என்ன வார்த்த போடுவீங்க? நீங்களே சொல்லுங்க."

யோசித்தேன். இன்றுவரை குளிக்கும்போதும், ரோடு தாண்டும்போதும் யோசிக்கிறேன். வேறு சொல் இல்லை.

இருந்தும் ஏறினேன். படகைச் சொன்னேன், சட்டியைச் சொன்னேன். அரசுத் தரப்பு வக்கீல் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் எனக்கு என்ன உறவு என்றார். அண்ணன் என்றேன். அவர் எழுத்தைச் சிறு வயதிலிருந்தே படிப்பவர்தானே நீங்கள்? ஆமாம். அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "சொந்தத் தங்கைக்கே அது வெறும் துருன் என்றுதான் பட்டிருக்கிறது, படகிலிருந்து என்று அல்ல." அவ்வளவுதான். என்னைப் போகலாம் என்றார்கள். கூண்டைவிட்டு இறங்கினேன்.

தண்டனை ஆனபின், சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தொலைபேசியைக் காதில் வைத்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"அப்பா மாதிரி இருக்கேனா?"

"அப்பாவுக்கு இவ்ளோ பெரிய காது கெடயாது."

சிரித்தான். பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னான். "வலைப்பக்கத்துல மிச்சம் இருக்கறதயும் எடுத்துடு. ஒனக்குத்தான் பாஸ்வேர்ட் தெரியுமே. வெளிய வந்தா இன்னொண்ணத் தோண்டி எடுத்து மறுபடியும் கூப்பிடுவாங்க."

"எல்லாத்தையுமாண்ணே?"

"எல்லாத்தையும்."

"வந்து எழுதுவல்ல?"

தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினான், பிரித்தான். "சிங்கப்பூர்ல கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டு வைய்யி."

கேஸ் ஆனவனுக்கு அக்கரையில் யார் பெர்மிட் கொடுப்பார்கள்? கேட்கிறேன் என்றேன்.

மறுநாள் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளக் கட்டுரையை அவர்கள் எப்போதோ முடக்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் இருந்தது. அடையாள அட்டை கிடைக்காத பெண், இடித்த தோட்டத்துக் கோயில், பொந்தியானில் சம்பளம் கேட்டு நின்றவர்கள். ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை படித்தேன். உறுதிதானா என்று திரை ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். மாலை அஸார் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது பக்கம் வெறுமையாக இருந்தது.

அண்ணன் எழுதியதில் இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது வழக்குக் கோப்பில் இருக்கிறது. தமிழில் இல்லை. என் மலாயில், என் சாப்பாவோடு.