மாதா கவுனும் நான் அடைத்த ஓட்டைகளும்

1. பூச்சி அரித்த தாள்

தையல் அறையில் என்னை நம்பி முதன்முதலாகக் கொடுத்த பேட்டர்னில், அதாவது துணி வெட்டும் மாதிரித் தாளில், இருந்த ஓட்டைகளையெல்லாம் நான் கஞ்சிப் பசை போட்டு அடைத்துவிட்டேன். ஒன்று விடாமல் அடைத்தேன். அடைத்துவிட்டுப் பெருமையாக வேறு உட்கார்ந்திருந்தேன். தையல் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். எனக்கு அன்று கலக்கவில்லை. பிற்பாடு மொத்தமாகச் சேர்த்துக் கலக்கியது.

யுத்தம் தொடங்கிய சமயம். கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாதா கோயிலை ஒட்டிக் கன்னியர் மடம், மடத்தில் ஒரு தையல் அறை, அதில் இரண்டு மிஷின். எனக்குக் கலியாணமான வருடமே புருஷன் காலராவில் போய்விட்டார். கலியாணச் சீலையைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் சாப்பிட உட்காரும்போது மட்டும் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்துதான் தையல் கற்கப் போனேன். துவாலைக்கு ஓரம் மடித்து அடிப்பது, பீடத் துணி தைப்பது, அவ்வளவுதான் அதுவரை தெரியும்.

மடத்தின் பெரிய மதர் பிரெஞ்சுக்காரர். தமிழை ஏட்டில் படித்துவிட்டு வந்தவர், பிரசங்கம் மாதிரியே பேசுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மேரி, மாதா சுரூபத்தின் கவுன் இற்றுப்போயிற்று. திருநாளுக்குப் புதிய கவுன் வேண்டும். நீ இதை நன்றாகச் செய்து முடித்தால் இந்த இரண்டாவது மிஷின் உன்னுடையது. இங்கேயே தங்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மிஷின் இருந்தால் யார் பெருமூச்சையும் கேட்க வேண்டியதில்லை.

மாதா சிலைக்கு உடுத்தும் கவுன் பழைய மோஸ்தரில்தான் இருக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டாராம். தோளில் பலூன் போல உப்பிய கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கம், ஒடுங்கிய இடுப்பு, கீழே அகலமான பாவாடை. வெள்ளைக்காரிகளே அதைப் போடுவதை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மதர் தன் பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அவருடைய அம்மா வைத்திருந்த பேட்டர்ன். உறை மேல் அந்த கவுனைப் போட்ட ஒரு பெண்ணின் படம். உள்ளே சருகு மாதிரி மெல்லிய தாள்கள். ஒரு எழுத்து கிடையாது, ஒரு கோடு கிடையாது. அந்தக் காலத்துப் பேட்டர்ன் அப்படித்தான். எதை எங்கே வைப்பது, எங்கே மடிப்பது என்பதையெல்லாம் தாளில் ஓட்டை போட்டே காட்டியிருப்பார்கள்.

இதை மதர் என்னிடம் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. "வெட்டித் தைக்க ஆரம்பி" என்று சொல்லிவிட்டு வேலையாகச் சேலம் போய்விட்டார்.

நான் தாளைப் பிரித்தேன். வட்ட வட்டமாக ஓட்டை. ஓரங்களில் சின்னச் சின்னக் கடி. பூச்சி அரித்திருக்கிறது, எலியும் கடித்திருக்கிறது. ஓட்டையெல்லாம் மும்மூன்றாக ஒழுங்காக இருந்தது. சீமைப் பூச்சி, ஒழுங்காகத்தான் அரிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சி காய்ச்சி, தாள் துணுக்கு கிழித்து, அத்தனையையும் ஒட்டினேன். ஓரத்துக் கடிகளையும் விடவில்லை. காய்ந்ததும் நீல வெல்வெட்டின் மேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை வைத்தேன்.

2. இரண்டு இஞ்சு

மதர் திரும்பி வந்தபோது கவுன் பாதி முடிந்திருந்தது. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேரி, இது என்ன?"

"ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேங்க மதர். ரொம்பத்தான் அரிச்சிருந்துச்சு."

மதர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. தாளின் ஓரத்தில் நான் ஒட்டிய மூன்று துணுக்குகளை விரலால் தொட்டுக் காட்டினார். தாளில் இருப்பது பாதி அளவுதான்; துணியை இரண்டாக மடித்து, இந்த மூன்று ஓட்டை இருக்கும் ஓரத்தை அந்த மடிப்பில் வைக்க வேண்டும். அப்போது விரித்தால் முன்பக்கம் ஒரே துண்டாக வரும். நான் மடிப்பில் வைக்கவில்லை. முன்பக்கத்தை நடுவில் இரண்டாக வெட்டிவிட்டேன். பின்பக்கத்தையும் அப்படியே. அந்தப் பாதிகளைச் சேர்த்துத் தைத்ததில் தையலுக்குள் துணி போய்விட்டது. பழைய கவுனின் மேல் டேப்பை வைத்து அளந்தோம். புதியது இடுப்பிலும் மார்பிலும் இரண்டு இஞ்சு குறைவு.

வெல்வெட் பெங்களூரிலிருந்து வந்தது. யுத்தத்தில் இனிமேல் வராது என்று கடைக்காரர் சொல்லியே கொடுத்திருந்தார். ஒட்டுப் போட ஒரு சாண் கூட மிச்சமில்லை.

மதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "திருநாள் முடியட்டும். பிறகு உன் அண்ணனை வரச் சொல்லி அனுப்புகிறேன்" என்றார். தையல் அறையில் இனி எனக்கு இடமில்லை என்று அர்த்தம்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நாங்கள் அளந்தது பழைய கவுனைத்தான், சுரூபத்தை அல்ல. ஒருவேளை மாதாவின் உடம்பு கவுனைவிடச் சின்னதாக இருந்தால்? அதைக் கேட்கச் சவரியம்மா அத்தை வீட்டுக்குப் போனேன்.

மாதாவுக்கு உடுத்தும் உரிமை அந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும். திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல், பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அத்தை தனியாக உடுத்துவாள். சாமியார் கூட உள்ளே போக மாட்டார். அத்தைக்கு ஐம்பது வயதிருக்கும். ஊரில் யாருக்கும் அஞ்சாதவள்.

"அத்த, சுரூபத்துக்கு ஒரு தடவ டேப்பு வெச்சுப் பாத்துக்கறேங்க."

"என்னாடி பேசற? மாதா மேல டேப்பு வெப்பியா?"

"இடுப்பளவு மட்டுங்க அத்த."

"எங்கம்மா தொட்டா, எங்காயா தொட்டா, நான் தொடறேன். நாலாவதா ஒருத்தி கை பட்டதில்ல. வூட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனேன். அண்ணி விஷயம் கேள்விப்பட்டிருந்தாள். அன்று பெருமூச்சு கொஞ்சம் நீளமாகவே வந்தது.

3. சாத்திய கதவு

திருநாளுக்கு முந்தின நாள் கவுனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். மனசு செபத்தில் இல்லை. இப்போது கதவு திறக்கும், "பத்தலடி" என்று கவுனை என் மூஞ்சியில் எறிவாள் என்றே காத்திருந்தேன்.

கதவு திறந்தது. அத்தையின் முகம் வேர்த்திருந்தது.

"கையி நொழைய மாட்டேங்குது. கத்தரி எடுத்துக்கிட்டு உள்ள வா. வந்து எதப் பாத்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

உள்ளே போனேன். ஜன்னலும் சாத்தியிருந்தது. கண் இருட்டுக்குப் பழகியதும் முதலில் மாதாவின் முகம் தெரிந்தது. நான் சிறு வயதிலிருந்து பார்த்த முகம். புருஷன் கிடையில் கிடந்தபோது நான் முழங்காலில் நின்று மன்றாடிய முகம். விரிந்த இரண்டு கைகள் தெரிந்தன. முகத்துக்கும் கைக்கும் கீழே ஒன்றுமில்லை.

நிஜமாகவே ஒன்றுமில்லை. நான்கு மரச் சட்டங்கள், குறுக்கே இரண்டு, ஆணி அடித்து ஒரு கூண்டு. ஒரு சட்டத்தின் மூலையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. சட்டத்தின் மேல் பாதி வரை பழைய சீலைக் கிழிசல் சுற்றியிருந்தது. கீழே பாதம் இருக்க வேண்டிய இடத்தில் பலகை.

நான் கத்தரியைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஒடம்பு எங்கீங்க அத்த?"

"சத்தம் போடாத. ஒடம்பு இவ்ளோதான்."

"காலு?"

"காலும் இல்ல."

எனக்கு வந்தது பயமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாதாவின் பாதம் என்று நினைத்து எத்தனை தடவை தலை வைத்து அழுதிருப்பேன்! அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நானும் மொத தடவ பாத்தப்ப இப்பிடித்தான் நின்னேன். எங்கம்மா என் கன்னத்துல ஒரு அறை வெச்சா. வெளிய ஒரு வார்த்த போச்சுன்னா கும்பிடற சனம் என்னாவும், யோசி. இதக் காப்பாத்தத்தான் நான் கதவ சாத்தறேன்."

"அப்ப இடுப்பளவு?"

"என்னா இடுப்பு? நான் சுத்தறதுதான் இடுப்பு. கனமா சுத்துனா பெருசு, கொறச்சு சுத்துனா சிறுசு."

இரண்டு இஞ்சுக்காக நான் அழுத அழுகையெல்லாம் வீண்! அத்தை இரண்டு சுற்றுக் கிழிசலை உருவினாள். இடுப்புப் பிரச்சினை அதோடு முடிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கைதான் சிக்கல். மனுஷியானால் கையை மடித்துச் சட்டைக்குள் விடலாம். மரக் கை மடங்காது. பழைய கவுனில் கையின் அடிப்பக்கத்தைப் பிரித்து நாடா வைத்துக் கட்டியிருந்தார்களாம். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்று அத்தை சொல்லாமல் விட்டிருக்கிறாள். நான் கவுனின் இரண்டு கையையும் அடியில் பிரித்தேன். முதுகுத் தையலையும் மேலிருந்து கீழ் வரை பிரித்தேன். கவுனை முன்பக்கமாகப் போர்த்தி, கைகளை அடியில் நாடாவால் கட்டி, பின்னால் தற்காலிகமான ஓட்டுத் தையலில் பிடித்தேன். சாமியார் வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கெட்டித் தையல் போட நேரமில்லை.

4. காற்று

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் மாதாவை வைத்த சப்பரம் புறப்பட்டது. நீல வெல்வெட் பளபளத்தது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் நான்கு சட்டங்கள்தான் கண்ணில் தெரிந்தன. அந்தக் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் நானும் அத்தையும் மட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

களத்து மேட்டுப் பக்கம் திரும்பும்போது சூறைக்காற்று கிளம்பியது. மே மாதத்தில் எங்கள் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். என் ஓட்டுத் தையல் பட்பட்டென்று விட்டது. கவுன் முதுகில் இரண்டாகப் பிரிந்து முன்பக்கம் பறந்தது. கிழிசல் சுருள் அவிழ்ந்து காற்றில் நீளமாக ஓடியது. சட்டமும் ஆணியும் மாலை வெளிச்சத்தில் ஊர் முன்னால் நின்றன.

மேளம் நின்றது. எனக்கு உயிர் போய்விட்டது. அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சப்பரத்தின் முன்னால் ஓடினாள்.

"யாரும் பாக்காதீங்க! திரும்பிக்குங்க! எல்லாரும் திரும்பிக்குங்க!"

யாரும் திரும்பவில்லை. சப்பரத்தின் முன் தண்டைத் தூக்கி வந்த சின்னப்பன், ஊரில் தச்சு வேலை செய்பவர், தோளை மாற்றிக்கொண்டு அத்தையிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"ஊசி நூலு இருக்குதாங்க அக்கா? எறக்கி வெக்கறோம், தச்சிருங்க."

அத்தை வாயைப் பிளந்து நின்றாள். "கட்டை தெரியுதுடா!"

"தெரியட்டுங்க. அந்தக் கட்டைய மாத்தி அடிச்சதே எங்கப்பன்தான். கறையான் புடிச்சிருச்சுன்னு உங்கம்மா காலத்துல பழைய சாமியாரு கூப்பிட்டு விட்டாரு. எங்கப்பன் எங்கம்மா கிட்ட சொன்னாரு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அப்பறம் ஊருக்குத் தெரியாம இருக்குமா?"

கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி பறந்த கிழிசலை ஓடிப் பிடித்து, சுருட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கட்டைதான் என்று தெரிந்தே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி அன்று வேறில்லை.

"அப்பறம் ஏன்டா இத்தன வருசமா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?" அத்தையின் குரல் உடைந்துவிட்டது.

"நீங்க கதவ சாத்திக்கிட்டு அவ்ளோ பயபக்தியாச் செய்யறீங்க. அதக் கெடுப்பானேன்னுதாங்க" என்றார் சின்னப்பன்.

அத்தை தெருப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் தெரியாது. சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அங்கி மடிப்பிலிருந்து ஊசியை எடுத்து, தானே நூல் கோத்து, என்னிடம் நீட்டினார். "இம்முறை கெட்டித் தையல்" என்றார். நான் சப்பரத்தின் மேல் ஏறினேன். ஊர் பார்க்க, சட்டத்தில் கிழிசலைச் சுற்றி, கவுனைப் போர்த்தி, முதுகை மேலிருந்து கீழ் வரை தைத்தேன். தையல் கோணவில்லை. நூலை அறுத்ததும் மேளம் மறுபடி அடித்தது.

5. மறுநாள்

காலையில் மதர் கூப்பிட்டார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"அந்தப் பேட்டர்னை எடுத்து வா. நீ அடைத்த ஓட்டைகளையெல்லாம் மறுபடியும் போட வேண்டும்" என்றார். இரண்டாவது மிஷின் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பின்னல் ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினோம். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் திரும்பச் சொன்னேன். அண்ணனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பிற்காலத்தில் நானே தையல் வகுப்பு எடுத்தேன். புதிதாக வருகிற பெண்களிடம் முதலில் சொல்வது இதுதான். புரியாத ஓட்டையைப் பார்த்தால் அடைக்காதே, கேள். பேட்டர்ன் யாரோ ஒருத்தி உடம்புக்கு வெட்டியது. உனக்கு முன்னால் நிற்கிற உடம்பைத் தொட்டு அள. உள்ளே உடம்பே இல்லாவிட்டால் அதையும் தெரிந்துகொண்டு தை.

சவரியம்மா அத்தை அந்த வருடம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. அடுத்த திருநாளுக்கு முன் ஊர்ப் பெண்கள் சிலர் மாதாவுக்குச் சுற்ற என்று பழைய சீலைகளோடு அவள் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அத்தை முறைத்தாள். பிறகு வாங்கி வைத்துக்கொண்டாள். "ஆனா கதவ சாத்திட்டுத்தான் செய்வேன்" என்றாள். என்னை மட்டும் உள்ளே விட்டாள்.

நான் தகரப் பெட்டியின் அடியிலிருந்த என் கலியாணச் சீலையை எடுத்துப் போயிருந்தேன். அத்தை அதை விரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இருவருமாகச் சட்டத்தின் மேல் சுற்றினோம். டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். இந்தத் தடவை அத்தை தடுக்கவில்லை. கவுன் கச்சிதமாக மூடியது.