துடைப்ப ஒளியில் நின்ற அட்டை

கதவைச் சாத்தியதற்காகத்தான் அவரிடம் முதன்முதலில் திட்டு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதுகலையும் முடித்து, ஆராய்ச்சி மாணவனாக இடம் கிடைத்த சேதியை ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த மிதப்பில் ஆய்வகக் கதவை இழுத்து அறைந்து சாத்தினேன். உள்ளே ஏதோ ஒரு கருவி கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"யாருப்பா அது? வீட்டுல கதவே இல்லாம வளர்ந்தியா?"

"கதவு இருந்துச்சுக்கா. சாத்தத்தான் மாட்டோம்."

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. நெற்றியில் பாதுகாப்புக் கண்ணாடி, தோளில் பழைய ஸ்வெட்டர். "வாய் இருக்கு. பொழைச்சுக்குவ. உள்ள வா, ஆனா பூனை மாதிரி வா. நீ அறைஞ்ச அறையில லேசர் பூட்டு விட்டுப்போச்சு."

லேசர் தன் நிறத்திலிருந்து இம்மியும் பிசகக் கூடாது. அப்படிப் பிடித்து நிறுத்துவதைத்தான் எங்கள் அறையில் பூட்டுவது என்போம். ஒரு தும்மல்கூடச் சில நாள் அதைக் கழற்றிவிடும்.

அவரைக் குளிரக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது அவருடைய வீட்டுக்காரர். அவர் ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்க்கிறவர். ஆய்வகம் இருந்த தெருவின் முனையிலேயே கடை. "நான் மைனஸ் இருபதோட நிறுத்திக்கிறேன் தம்பி. உங்க அக்கா அதுக்கும் கீழ எங்கயோ போயிட்டா, கூப்பிட்டாலும் கேக்க மாட்டேங்கிறா" என்பார்.

அக்கா போக நினைத்த இடம் உண்மையிலேயே கீழேதான் இருந்தது. இதற்கு மேல் குளிரவே முடியாது என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் சில பங்கு தூரத்தில் மூலக்கூறுகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தனி அணுவை லேசரால் எதிரே தள்ளித் தள்ளி மெதுவாக்கிவிடலாம். மூலக்கூறு அப்படிப் படியாது; சுழலும், துடிக்கும், கையில் நிற்காது. அதனால் நாங்கள் குறுக்கு வழியில் போனோம். முதலில் இரண்டு உலோகங்களின் அணுக்களைக் குளிர வைப்பது. பிறகு காந்தப்புலத்தை நைசாக மாற்றி, இரண்டிரண்டாக அவற்றை ஒட்ட வைப்பது.

ஒட்டாமல் தனியே நிற்கும் அணுக்கள்தான் தலைவலி. அவற்றை அடித்து விரட்ட ஒரு லேசர் துடிப்பு உண்டு. அதற்குத் துடைப்பம் என்று பெயர். துடைப்பம் போட்டபின் மிஞ்சுவது மூலக்கூறு மட்டும். அதைத் திரும்பப் பிரித்து அணுவாக்கிப் படம் எடுப்போம். திரையில் புள்ளி தெரிந்தால் அத்தனை மூலக்கூறு இருந்தது என்று அர்த்தம்.

அக்காவின் ஆராய்ச்சிக் காலம் முடியப்போகிற நேரம் அது. நான் சேர்ந்த வருடமெல்லாம் திரை கறுப்பாகவே இருந்தது. எங்கள் அறையின் மேல் பக்கத்து ஆராய்ச்சிக் குழு ஏற்கெனவே கண் வைத்திருந்தது. மூலக்கூறு வந்திருந்தால் அறை எங்களுக்கு, வராவிட்டால் அவர்களுக்கு என்று முடிவு செய்ய ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. அறை போனால் லேசரும் கண்ணாடிகளும் பொருத்திய மேசை பிரிக்கப்படும். மேசை பிரிந்தால் அக்காவுக்குப் பட்டம் இல்லை. வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இவள் முடிக்கட்டும் என்று அவர் தள்ளிப்போட்டபடியே இருந்தார்.

பார்வையிடும் குழு வருவதற்குச் சில நாள் முன்பு புள்ளி வந்தது. அக்கா ஒரு கண்ணாடியைத் திருப்பி ஒளிப்பாதையைச் சரிசெய்தார். அடுத்த படத்திலேயே பளிச்சென்று விழுந்தது. எங்கள் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அணுக்களை ஒட்டவைக்காமலே படம் எடுத்துத் திரை காலியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை முந்தைய வாரமே செய்திருந்தோம். அதை மறுபடி செய்வதெல்லாம் பார்வையிட வருகிறவர்கள் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார். வருகிறவர்களுக்குத் தகவலும் அனுப்பிவிட்டார்.

அன்று காலை, அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால், அக்கா மேசையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்ப ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை அட்டையைக் குறுக்கே பிடித்து, அந்த ஒளியைக் காட்டும் கையடக்கக் காட்டியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அவர் வீட்டுக்காரரின் விசிட்டிங் கார்டுகளைத்தான் பயன்படுத்துவோம். கடைக்கு அச்சடித்ததில் பாதி எங்கள் அலமாரியில் இருந்தது.

"தம்பி, ஒரு கார்டு எடு" என்று கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு கார்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. 'எல்லா வகை ஃபிரிட்ஜ், ஏ.சி. வீட்டுக்கே வந்து சரிசெய்து தரப்படும்' என்ற எழுத்து எங்களைப் பார்த்தபடி இருந்தது. நின்ற இடம் துடைப்பத்தின் பாதை.

துடைப்பம் போய்ச் சேரவில்லை என்றால், விரட்ட வேண்டிய அணுக்கள் அங்கேயேதான் நின்றிருக்கும். நாங்கள் கொண்டாடிய புள்ளி அவையாக இருக்கலாம்.

சார் வந்து எட்டிப் பார்த்தார். "அது எப்போலேர்ந்து அங்க இருக்கு?"

"கண்ணாடி திருப்பினேன்ல சார், அன்னிக்கு வெச்சதா இருக்கும். எடுக்க மறந்துட்டேன்."

"அன்னிக்குத்தானே படம் பளிச்சுன்னு வந்துது."

"ஆமா சார்."

வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. சார் குரலைத் தாழ்த்தினார். "படியேறிட்டாங்கம்மா. இன்னிக்கு அது அப்படியே நிக்கட்டும். அவங்க போனதும் எடுத்துப் பாப்போம். நாம பொய் ஒண்ணும் சொல்லலயே. நமக்கே இன்னும் தெரியாதுல்ல."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

"உன் பட்டம் போயிடும்மா. நான் எனக்காகவா சொல்றேன்?"

அக்காவின் விரல்கள் ஸ்வெட்டரின் நூல் ஒன்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. கதவு திறந்தது, நல்லவேளை, மெதுவாகத் திறந்தது.

குழுவின் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். "ஊர்லயே குளிரான இடம் இதுதான்னு சொன்னாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டுது" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "எங்க, அந்தப் புள்ளியக் காட்டுங்க பாப்போம்."

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்தார்.

"காட்டறேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒரு அட்டைய எடுக்கணும். அது இருந்தா படம் தப்பா வரும்."

கார்டை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் "ஓட்டு" என்றார். ஒரு சுற்று முடிய ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஆகும். அன்று அது இழுத்துக்கொண்டே போனது. பம்புகளின் முனகல் தவிர அறையில் சத்தமே இல்லை.

திரை கறுப்பு. மறுபடி ஓட்டினேன். கறுப்பு.

"அப்ப இத்தனை நாளா பாத்தது?" என்று கேட்டார் தலைவி.

"தொடைக்காம விட்ட அணு மேடம்."

"மூலக்கூறு?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்பத்தான் தேட ஆரம்பிக்க முடியும்."

தலைவி தலையை ஆட்டினார். பாராட்டா, பரிதாபமா என்று தெரியவில்லை. மதியமே முடிவு வந்துவிட்டது: அறை பக்கத்துக் குழுவுக்கு. பருவம் முடியும்வரை நாங்கள் இருந்துகொள்ளலாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு வாசலில் நின்றார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உங்க கார்டு கவுத்துடுச்சு."

கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரெல்லாம் சரியாத்தானே இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "ஏறு, போய்ட்டே பேசலாம்" என்றார்.

பிறகு வந்த வாரங்கள் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி போயின. திரை கறுப்பாகவே இருந்தது. காந்தப்புலத்தை மாற்றும் வேகத்தைக் கூட்டினோம், குறைத்தோம். சார் தன் அறையை விட்டுவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டார். தன் கையாலேயே லென்ஸ்களைத் துடைத்தார். ஒருநாள் பக்கத்துக் குழுப் பையன் அளவு நாடாவோடு வந்து நின்றான்.

"அளவு மட்டும் எடுத்துக்கறேன்க்கா. தொந்தரவு பண்ண மாட்டேன்."

"எடுத்துக்கோ. எங்களையும் சேத்து அளந்துராத."

பெட்டிகளில் பாதியைக் கட்டிவிட்டோம். கடைசி வாரத்தில், பகல் வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே, திரையில் ஒரு மங்கல் விழுந்தது. புள்ளி என்று சொல்வதே அதிகம். கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒன்று. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தினார்.

"துடைப்பம்?"

"ஓடுதுக்கா."

"கார்டு?"

மேசை முழுக்கக் காட்டியை வைத்துப் பார்த்தேன். "எதுவும் இல்ல."

"ஒட்டவைக்காம ஓட்டு."

கறுப்பு.

"ஒட்டவெச்சு ஓட்டு."

மங்கல் வந்தது. சார் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். அன்று இரவு முழுக்க, மறுநாளும், மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒட்டவைத்தால் இருந்தது, ஒட்டவைக்காவிட்டால் இல்லை. மூன்றாம் நாள் காலை அக்கா கட்டிவைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, "சாரக் கூப்பிடு. கதவ மெதுவாத் தெறக்கச் சொல்லு" என்றார்.

அறை போனது போனதுதான். மங்கலைக் கண்டதற்காக யாரும் முடிவை மாற்றவில்லை. பெரிய ஆய்வுப் பத்திரிகைகள் எதுவும் அதைப் போட முன்வரவில்லை. புள்ளி சிறியது, படங்கள் குறைவு என்றன. ஆனால் ஆய்வேட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. துடைப்பம் தடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்கா ஒரு தனி அத்தியாயமே எழுதினார். வாய்மொழித் தேர்வில் அதிகம் கேள்வி வந்தது அதிலிருந்துதான்.

குளிரக்கா இப்போது வேறு ஊரில், இதே மாதிரி ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறார். அங்கே மேசை இன்னும் பாதிதான் கட்டி முடிந்திருக்கிறது. மூலக்கூறு எதுவும் வரவில்லை. வீட்டுக்காரர் அந்த ஊரில் ஒரு கம்பெனியில் குளிர்சாதனப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். சொந்தக் கடை இல்லாததால் இப்போது கார்டு அச்சடிப்பதில்லை.